அக்கரைப் பள்ளியும் ‘மாற்றமில்லை’ என்ற குறிப்பும்

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் நடத்திய பிரிவுபசாரக் கூட்டத்தில், முப்பது வருஷப் பணியில் ஒரு கறுப்புப் புள்ளிகூட வாங்காத மனிதர் என்று என்னைப் புகழ்ந்தீர்கள். மாலை போட்டீர்கள். நானும் கழுத்தை நீட்டினேன். வீட்டுக்கு வந்து அந்த மாலையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள்மேல் அல்ல; உங்களுக்கு என்ன தெரியும்? கழுத்தை நீட்டினவன்மேல்.

இப்போது நம் அலுவலகச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகம் தருவதாக இருக்கட்டும் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உற்சாகம் தரும் சங்கதி என்னிடம் இல்லை. ஆனால் பள்ளிகளையும் கல்லூரிகளையும் இணைக்கும் சட்டத்தை மறுபடி திருத்துகிறார்கள் என்றும், அதன் அட்டவணை உங்கள் பிரிவில்தான் தயாராகிறது என்றும் கேள்விப்பட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சட்டத்துக்கு முதன்முதலில் அட்டவணை எழுதியவன் நான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். ரங்கூன் அப்போது இன்னும் நம் ஊர்போலவே இருந்த காலம். அதற்கு முன்னால் ஹைஸ்கூல் ஒரு பக்கம், இன்டர்மீடியட் காலேஜ் ஒரு பக்கம், பல்கலைக்கழகம் ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. பள்ளியில் படித்தது கல்லூரிக்கு உதவாது. கல்லூரி கேட்டதைப் பள்ளி சொல்லித் தராது. புதுச் சட்டம் மூன்றையும் ஒரே படிக்கட்டாக்கியது. அங்கீகரித்த ஹைஸ்கூலில் ஒன்பதாவதும் பத்தாவதும் படித்துத் தேறினவர்கள் வேறு நுழைவுப் பரீட்சை இல்லாமல் கல்லூரிக்குப் போகலாம், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். நல்ல சட்டம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் படிக்கட்டு கட்டினவர்கள் பக்கத்துச் சந்துவழியை அடைத்தார்கள். எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் தனியாகப் பரீட்சை எழுதித் தேறிவிட்டால் கல்லூரியில் சேரலாம் என்றிருந்த பழைய வழி மூடப்பட்டது.

ஆகவே எந்தப் பள்ளி அங்கீகரித்த பள்ளி என்பதுதான் எல்லாம். அது சட்டத்தின் கடைசியில் அட்டவணையாக இருந்தது. சட்டசபையில் ஒவ்வொரு பிரிவையும் எழுந்து எழுந்து பேசினார்கள். அட்டவணையைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. அது கிளார்க்கின் வேலை. பள்ளி இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வருஷமும் மேலிடத்துக்கு அனுப்பும் ‘ரிட்டர்ன்’ என்ற பள்ளிக் கணக்கைப் பார்த்து எழுத வேண்டியது. அந்த ரிட்டர்னையும் எழுதினவன் நான்தான்.

ரிட்டர்ன் எழுதுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்போதைய ஹெட் கிளார்க். தஞ்சாவூர்க்காரர். கெட்டிக்காரர், நகைச்சுவையாகப் பேசுவார். இன்ஸ்பெக்டர் துரை போக முடியாத பள்ளிக்கு டூர் கிளார்க், அதாவது நான், நேரில் போய்ப் பார்த்து, ரிட்டர்னில் அந்தப் பள்ளியின் வரிக்கு எதிரே எழுதி இனிஷியல் போட வேண்டும் என்பது விதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போகாத ஒரு பள்ளிக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“போன வருஷத்து வரியை அப்படியே இறக்கும். கடைசியில ‘மாற்றமில்லை’ன்னு போடும்” என்றார்.

“மாற்றம் இருந்தா சார்?”

“ஓய், மாற்றம் உண்டுன்னு எழுதினீர்னா, என்ன மாற்றம், ஏன் மாற்றம், யார் உத்தரவுன்னு மேலேர்ந்து மூணு கடுதாசி வரும். மாற்றமில்லைன்னு எழுதிப் பாரும். இன்னிவரைக்கும் அதுக்கு ஒரு கடுதாசி வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.”

சிரித்தேன். கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் இரண்டே சொல். எத்தனை பள்ளிகளுக்கு எதிரே எழுதினேன் என்று எனக்கே தெரியாது. அநேகமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பழக்கத்தின் விஷமே அதில்தான் இருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய அரிசி மில் இருந்தது. அதை ஒட்டி நம் தமிழ் ஜனங்கள்: மூட்டை சுமப்பவர்கள், பாய்லர்காரர்கள், உமி அள்ளும் பெண்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே மண் சுமந்து, மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். ஏழாம் வகுப்பு வரை இருந்தது. ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் தலைமையாசிரியர். பர்மியரும் தமிழரும் அவரைச் ‘சயா’ என்றே அழைத்தார்கள். பர்மிய மொழியில் ஆசிரியருக்கு அதுதான் பெயர்.

அங்கே நான் ஒரு தடவை போயிருக்கிறேன், அப்போதிருந்த துரையோடு. குளிர்காலம். உமிப் புகை மூக்கில் ஏறியது. பள்ளியைப் பார்வையிட்டு முடிந்ததும், பாய்லர்காரர் ஒருவரின் பர்மிய மனைவி பாலில்லாத தேநீர் கொண்டுவந்தாள். மங்குக் கோப்பைகள். தட்டைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மகள், ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், நின்றாள். துரை ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தார். நான் எடுக்கவில்லை. வயிற்று வலி என்றேன். எனக்கு வயிற்று வலி இல்லை. மில் கூலிக்காரர்களின் வீட்டுக் கோப்பை அது. நான் ‘நல்ல குடும்பத்து’ப் பிள்ளை, மூன்று நாள் கப்பலில் எல்லாரோடும் உட்கார்ந்து வந்திருந்தும் அந்தத் தீட்டு எண்ணத்தை மட்டும் கரையில் விட்டுவிட்டு வரவில்லை. சயா என்னை ஒரு முறை பார்த்தார். அந்தக் கோப்பையைத் தானே எடுத்துக் குடித்தார். 

இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று திரும்பும் சாம்பான் படகிலேயே முடிவு செய்தேன். டூர் புரோகிராம் எழுதுகிறவனுக்கு அது சிரமமே இல்லை. ஒரு பள்ளியை எப்படிக் காணாமல் போகச் செய்வது என்று இன்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன், கேளுங்கள். மழைக்காலத்தில் போடுங்கள். அதிலும் கடைசி நாளாகப் போடுங்கள். ஆற்றில் நீரோட்டம் அதிகம், பயணம் ஒத்திவைக்கப்படலாம் என்று ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள். எந்தத் துரையும் ஒத்திவைப்பார். அப்புறம் விதிப்படி நீங்கள் தனியாகப் போக வேண்டும். போகாதீர்கள். ‘மாற்றமில்லை’ என்று எழுதி இனிஷியல் போடுங்கள். மூன்று வருஷம் இப்படித்தான் செய்தேன்.

அந்த மூன்று வருஷத்தில் சயா எட்டாவது திறந்தார், ஒன்பதாவது திறந்தார், பத்தாவதும் திறந்தார். ஒவ்வொரு தடவையும் அழகான கையெழுத்தில் எங்களுக்குக் கடிதம் போட்டார். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘பார்வையின்போது கவனிக்கப்படும்’ என்று எழுதி ஃபைலில் சேர்த்தேன். கடிதம் பார்வைக்காகக் காத்திருந்தது. பார்வை நடக்காமல் நான் பார்த்துக்கொண்டேன். இதைவிடப் பலமான பூட்டு உலகத்தில் உண்டா?

சட்டம் வந்தது. அட்டவணையை இரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. ரிட்டர்னைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவன், அக்கரைப் பள்ளியின் வரியில் நின்றேன். ‘மிடில் ஸ்கூல். மாற்றமில்லை.’ என் கையெழுத்து. பின்னால் இருந்த அலமாரியில் சயாவின் மூன்று கடிதங்கள். தெரியாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஹெட் கிளார்க்கிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“இப்போ ஹைஸ்கூல்னு சேர்த்தா, எப்பலேர்ந்துன்னு கேப்பான். மூணு வருஷமான்னா, மூணு ரிட்டர்ன்ல இருக்கிற இனிஷியல் யாருதுன்னு கேப்பான். இருக்கிறதை அப்படியே இறக்கும் ஓய்.”

இறக்கினேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நல்ல மழை. சயா நனைந்த கோட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கக்கத்தில் மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு கட்டு. கூடவே பதினேழு வயதிருக்கும் பெண் ஒருத்தி, பர்மிய உடையில். பெயர் மா செல்லம். பெயரிலேயே பாதி பர்மா, பாதி தமிழ். அந்தப் பள்ளியில் பத்தாவது முடித்து, சட்டம் அமலுக்கு வருமுன் பழைய வழிப்படி தனியாகப் பரீட்சை எழுதி, ஐந்து பையன்களோடு தேறியிருந்தாள். ஆறு பேரில் முதல் மார்க் அவளுக்கு. ஹெட் கிளார்க் நாற்காலி காட்டவில்லை.

“பட்டியல்ல உங்க ஸ்கூல் மிடில் ஸ்கூல்னு இருக்கே. மிடில் ஸ்கூல்ல பத்தாவது எங்கேர்ந்து வந்தது?” என்றார்.

“மூணு கடுதாசி போட்டிருக்கேன் சார்” என்றார் சயா. “ஒவ்வொரு கிளாஸ் திறந்தப்பவும் ஒண்ணு.”

“போட்டிருப்பீர். ஃபைல்ல இருக்கும்.”

“ஃபைல்ல இருக்குன்னா பட்டியல்ல ஏன் இல்ல?”

“அது வேற ஃபைல். இது வேற ஃபைல்.”

“அப்ப நான் எந்த ஃபைல்ல படிச்சேன்?” என்று கேட்டாள் மா செல்லம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஹெட் கிளார்க்குக்கு முகம் சுண்டிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். “காலேஜ் ஆபீஸ்ல ஒரு வழி சொன்னாங்க, கிளார்க்கையா. இந்த ரெண்டு வருஷமும் எங்க ஸ்கூல்ல ஒம்பதாவதும் பத்தாவதும் நடந்துச்சுன்னு இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஒரு வரி வேணுமாம். அது இருந்தா இந்த வருஷம் மட்டும் சேர்த்துக்குவாங்களாம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோட புக்கை மூடிடுவாங்க.”

“பார்வையிடாம அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதும்மா” என்றேன்.

“பார்வையிடுங்க” என்றார் சயா. “அதுக்குத்தான் வந்திருக்கேன். படகுத்துறை ஜெட்டியில சாம்பான் நிக்குது, ஆளைக் காக்க வெச்சிருக்கேன். போக அரை மணி, வர அரை மணி. மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்க இங்க இருக்கலாம்.”

“டூர் புரோகிராம் முன்னாடியே போட்டாச்சு. அதோட இந்த மழையில ஆத்துல...”

“பரீட்சை அன்னிக்கெல்லாம் இவ இந்த ஆத்துலதான் வந்தா சார். ஒரு நாள் சாம்பான் கவுந்து, நனைஞ்ச துணியோட உக்காந்து கணக்குப் பரீட்சை எழுதினா.” சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீங்கதானே அந்தத் தடவை துரையோட வந்தது? வயித்து வலின்னு டீ குடிக்காம போனீங்க. இப்ப வயிறு தேவலாமா?”

மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்” என்றாள் அவள்.

துரையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று சயா நின்றுவிட்டார். துரை புதிதாக வந்தவர். கெட்ட மனிதர் அல்ல. எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார். அதற்குள் ஹெட் கிளார்க் மூன்று ரிட்டர்ன்களையும் அவர் மேஜையில் விரித்து வைத்துவிட்டார். கதவருகே என் காதில் சொன்னார்: “ஒரு வார்த்தை மாறாதேயும். அந்தப் பொண்ணு வருஷம் வீணானா செத்தா போயிடுவா? உம்ம வேலை போனா போனதுதான்.”

துரை ஒவ்வொரு ரிட்டர்னிலும் விரலை வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். “இது உன் இனிஷியல்தானே?”

“ஆமாம், ஐயா.”

“நீ நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினாயா?”

அறையில் நாங்கள் ஐந்து பேர். எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். அவளுக்கும் தெரியும், அந்தப் பாடத்தில்தான் அவளுக்கு அதிக மார்க்.   

“ஆமாம், ஐயா” என்றேன்.

 சயா மெழுகுத்துணியைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பள்ளியின் பார்வையாளர் புத்தகம். “இதைப் பாருங்கள், ஐயா” என்றார். துரை அதைத் திறக்கவே இல்லை. பள்ளி தன்னிடமே வைத்துக்கொள்ளும் புத்தகம் அரசாங்க ஆவணம் ஆகாது என்று ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

அப்போது மா செல்லம் பேசினாள். துரையிடம் நேராக, ஆங்கிலத்தில், கொஞ்சமும் தடுமாறாமல். “ஐயா, இவர் வந்திருந்தால், பத்தாம் வகுப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். வேறொன்றும் வேண்டாம்.”

ஒரே கேள்வி. துரை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே பிடிபட்டிருப்பேன். அவர் முகம் சிவந்தது. “என் கிளார்க்கைக் குறுக்கு விசாரணை செய்ய இது கோர்ட் அல்ல” என்றார். குளிர்காலத்தில் கட்டாயம் பார்வையிட ஏற்பாடு செய்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

ஒரு பெண் மூன்று வருஷம் படித்ததற்குச் சாட்சியாகச் சுவரும் கூரையும் பலகையும் அரை மணி தூரத்தில் நிற்கின்றன. அவளே எதிரில் நிற்கிறாள், தப்பில்லாத ஆங்கிலத்தில் பேசுகிறாள். இதெல்லாம் சாட்சி ஆகவில்லை. நான் போட்ட இரண்டெழுத்து இனிஷியல் சாட்சி ஆயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. நான் அன்று அந்தத் துரைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன் என்பதை நினைக்கும்போது இன்னும் அதிகமாக.

வியாழக்கிழமை போயிற்று. வெள்ளியும் சனிக்கிழமைக் காலையும் கையில் இருந்தன. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முகத்துக்கு நேரே கேட்கும்போது பயத்தில் பொய் வந்துவிடலாம். அதைக்கூட மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு மேலும் ஒன்றரை நாள் இருந்தது. துரையின் அறை என் நாற்காலியிலிருந்து பத்தடி. ‘நான் போகவில்லை, ஐயா’ என்று ஒரு வாக்கியம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஜெட்டிவரை போனேன். சாம்பான்காரன் ஒருவன், “அக்கரைக்கா சயா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். கண்ணாடி போட்டவனை எல்லாம் சயா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். இல்லை என்று கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணி அடித்தபோது ஒரு ரெஜிஸ்தருக்குச் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு கோணவில்லை.

வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்காகப் போயிருப்பேன். என் மனைவி ஒரு மாதம் அழுதிருப்பாள். அவ்வளவுதான். அன்று அது எனக்கு உலகமே முடிவதுபோலத் தெரிந்தது.

குளிர்காலத்துக்குள் துரை விடுப்பில் சீமைக்குப் போய்விட்டார். அடுத்தவருக்கு டூர் புரோகிராம் எழுதினவனும் நான்தான். எந்த இடத்தில் அக்கரையைப் போட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

மில் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டசபை அங்கத்தினர் ஒருவரைப் பிடித்துக் கேள்வி கேட்கவைத்தார்கள். அதற்கு மந்திரி படிக்கவேண்டிய பதிலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘மேற்படி பள்ளி உயர்நிலைப் பள்ளியாக இருந்ததாக இந்த அலுவலகத்தின் ஆவணங்களில் காணப்படவில்லை’ என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நல்ல டிராஃப்ட் என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நீங்கள் அன்று மேடையில் வாசித்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

இருந்தாலும் அவர்கள் விடாமல் தட்டி, இரண்டு வருஷம் கழித்து அட்டவணையைத் திருத்தவைத்தார்கள். நேரில் பார்வையிட்டு அறிக்கை வந்ததும் பள்ளியைச் சேர்க்கலாம் என்று உத்தரவு. ஆனால் பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்துதான் இரண்டு வருஷப் படிப்புக் கணக்கு. முன்னால் படித்தவர்களுக்குச் செல்லாது. மா செல்லம் கல்லூரிக்குப் போகவேண்டுமானால், இருபது வயதில் மறுபடி ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வேண்டும். சட்டத்தில் இப்படி எழுதினவர்கள் படித்தவர்கள்.

பார்வையிடப் போனவன் நான். அதற்குள் எனக்குப் பதவி உயர்வு வந்து துணை இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தேன்; கறுப்புப் புள்ளி இல்லாத சர்வீஸ் அல்லவா? வெயில் நாள். சாம்பானில் அரை மணிகூட ஆகவில்லை.

கீற்றுக் கொட்டகையைக் காணவில்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நீளமாக ஒரு கட்டடம். பத்தாம் வகுப்பு அதில் இல்லை. பின்னால், மில்காரர்கள் கொடுத்த பழைய உமிக் கிடங்கில் நடந்தது. அந்த மூன்றாவது வருஷத்தில் ஒரு நாள் வந்திருந்தாலும் அது தெரிந்திருக்கும். உமிக் கிடங்கில் பத்தாவது என்று அன்றைக்குத் துரையிடம் சொல்லியிருப்பேன்.

முன் கட்டடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் மா செல்லம். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை எழுந்து வணங்கச் சொன்னாள். அவள் சொல்லித்தான் அவை வணங்கின என்பது எனக்கு மறக்கவில்லை. சயா நாற்காலி போட்டார். வகுப்புகளைக் காட்டினார், கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார். அந்தத் தடவை யாரும் தேநீர் கொண்டுவரவில்லை.

முடிந்ததும் மா செல்லம் பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் திறந்து வைத்தாள். துரை ஒரு விரலால் தள்ளின அதே புத்தகம். முதல் துரை தேநீர் குடித்த வருஷம் எழுதிய குறிப்பு மேலே இருந்தது. அதற்குக் கீழே, வருஷத்துக்கு ஒன்றாக, ஐந்து வரிகள். ‘இவ்வாண்டு துறையிலிருந்து எவரும் வரவில்லை.’ முதல் மூன்றும் சயாவின் அழகான கையெழுத்து. ஒவ்வொன்றின் கீழும் அந்த வருஷத்து மேல்வகுப்பு மாணவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவதன் கீழே முதலில் அவள் பெயர். நான்காவது வரியையும் ஐந்தாவதையும் அவளே எழுதியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை மேஜைமேல் இருந்தது இதுதான்.

பேனாவை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“எழுதுங்க ஐயா” என்றாள். குரலில் கோபம் இல்லை. “உங்களுக்கு எழுதிப் பழக்கமானதையே எழுதுங்க. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்.”

சயா, “செல்லம்” என்று மட்டும் சொன்னார். அவள் வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அப்போதாவது எழுதியிருக்கலாம். ‘இந்த ஐந்து வரிகளும் உண்மை, நான் வரவில்லை, வந்ததாகச் சொன்னது பொய்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கலாம். அவளுக்கு அந்த வருஷங்கள் கணக்கில் வர அது உதவியிருக்கும். ஒரு அதிகாரியின் வாக்குமூலத்தை வைத்து மேல்முறையீடு செய்திருக்கலாம். எனக்கு அது தெரியும். நான் எழுதினது இது: ‘எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகள் நடைபெறுகின்றன. எல்லாம் திருப்திகரம்.’ மை உலரும்வரை காத்திருந்து, மூடி, சயாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். “சாம்பான் காத்துக்கிட்டிருக்கு, சார்” என்றார்.

ஹெட் கிளார்க் போய்ச் சேர்ந்துவிட்டார். துரை எங்கே இருக்கிறாரோ தெரியாது. சயாவும் இப்போது இல்லை. நான் மட்டும் மாலையும் பென்ஷனுமாக உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு சொல்கிற உண்மை இது. அதற்கு என்ன மரியாதை உண்டோ அதைக் கொடுங்கள், கூடுதலாக வேண்டாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புது அட்டவணையை எழுதுவதற்கு முன்னால் உங்களில் ஒருவர் அக்கரைக்குப் போங்கள். மா செல்லம்தான் இப்போது அங்கே தலைமையாசிரியை. எல்லாரும் அவரைச் சயாமா என்கிறார்கள். அந்தப் பழைய புத்தகம் அவரிடம் இருக்கும். அதைத் தூக்கி எறிகிற மனுஷி இல்லை அவர். மலர் அச்சானதும் இந்தப் பக்கங்களைக் கிழித்துக் கொண்டுபோங்கள். என் ‘திருப்திகரம்’ என்ற வரிக்குக் கீழே ஒட்டிக்கொள்ள அவரிடம் அனுமதி கேளுங்கள். முடியாது என்று சொன்னால் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அவர் தேநீர் கொடுத்தால் குடியுங்கள். கொடுக்காவிட்டால், ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.